லாட்ஜ் ரூமுக்குப் போறதுக்கு முன்னாடி இதைக் கொஞ்சம் படிங்க

விழுப்புரம் பஸ் ஸ்டாண்ட்ல கட்டணக் கழிப்பறைப் பக்கம் ஒதுங்கினவங்களுக்கு அந்த ஸ்டிக்கர் தெரியும். கண் மட்டத்துல ஒட்டியிருப்பாங்க. ஒண்ணு கிழிஞ்சா அது மேலயே இன்னொண்ணு. ஆண்மைக்குறைவா, நரம்புத் தளர்ச்சியா, கல்யாணம்னா பயமா, வாங்க வாங்கன்னு கூப்பிடும். கீழ ஒரு செல் நம்பர். எந்தத் தேதி எந்த ஊர், எந்த லாட்ஜ், எந்த ரூம்னு ஒரு அட்டவணை. திண்டிவனத்துலயும் இதேதான், தேதி மட்டும் மாறும்.

பார்த்துட்டு, திட்டிட்டுப் போறது வழக்கம். இந்தத் தடவை எழுதியே ஆகணும்னு ஆயிடுச்சு.

(புதுசா படிக்கிறவங்களுக்கு: விழுப்புரத்துல சின்னதா ஒரு மெடிக்கல் வச்சிருக்கேன். வீடு திண்டிவனம். தினமும் பஸ்தான்.)

போன வாரம் ஒருத்தர் கடைக்கு வந்தார். வழக்கமா சுகர் மாத்திரையும் பி.பி. மாத்திரையும் வாங்குறவர். வயசு ஐம்பத்தஞ்சு இருக்கும். ஒரு தடவை நெஞ்சுவலி வந்து ஆஞ்சியோ பண்ணினதுல இருந்து சட்டைப் பையில சார்பிட்ரேட் இல்லாம வெளியில கிளம்ப மாட்டார். அன்னிக்கு வந்தவர் உள்ள வரல. கூட்டம் குறையுற வரைக்கும் எதிர்ல டீக்கடை ஓரமா நின்னுட்டே இருந்தார். கடைசி ஆள் போனதும் வந்து, மடியில இருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து கண்ணாடி மேல வச்சார்.

காக்கி கலர்ல பொடி. லேபிள் இல்ல. பேர் இல்ல. தயாரிச்ச தேதி, முடியுற தேதி ஒண்ணும் இல்ல.

"தம்பி, இதைச் சாப்பிட்டா ஒரு மணி நேரத்துல தலை கிர்ருங்குது. கண்ணு இருட்டிக்கிட்டு வருது. ஆனா வேலை செய்யுது. தொடர்ந்து சாப்பிடலாமா?"

லாட்ஜ்ல இதுக்கு எவ்வளவு குடுத்தீங்கண்ணேன்னு கேட்டேன். 18,000 ரூபாய். மல்லாட்டை வித்த காசு.

எனக்கு வயிறு கலங்கிப் போச்சு. காசுக்காக இல்ல. அந்தப் பொடி "வேலை செய்யுது"ன்னு அவர் சொன்னாரே, அதுக்காக.

ஏன்னா, எந்த வேரும் பட்டையும் ஒரு மணி நேரத்துல அப்படி வேலை செய்யாது. இந்த மாதிரி "மூலிகை" பொட்டலங்கள்ல சில்டெனாஃபில்ங்கிற விறைப்பு மாத்திரையை அரைச்சுக் கலக்குறது உலகம் முழுக்க நடக்கிற வேலை. அமெரிக்காவோட மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு பல வருஷமா பேர் பேரா இப்படிப்பட்ட பொருட்களைப் பிடிச்சு எச்சரிக்கை விட்டுக்கிட்டே இருக்கு. அண்ணனோட பொட்டலத்துல என்ன இருந்துச்சுன்னு லேப்ல பார்த்தாத்தான் தெரியும். ஆனா சில்டெனாஃபிலும் சார்பிட்ரேட்டும் ஒரே உடம்புக்குள்ள சேர்ந்தா என்ன ஆகும்னு எந்த மெடிக்கல்காரனுக்கும் தெரியும். ரெண்டுமே ரத்தக் குழாயை விரிக்கிற மருந்து. ரத்த அழுத்தம் சட்டுனு பாதாளத்துக்கு இறங்கிடும். மயக்கம் போட்டு விழலாம். ஆளே போயிடலாம்.

மனுஷன் வீட்டுல விழுந்திருந்தா, என்ன சாப்பிட்டார்னு யாருக்குமே தெரிஞ்சிருக்காது. "ஹார்ட் பேஷன்ட், போயிட்டார்"னு முடிச்சிருப்பாங்க.

பொட்டலத்தை அங்கயே கொட்ட வச்சேன். உட்கார வச்சுப் பேசினேன். பேசப் பேசத்தான் எனக்குக் கோபம் கூடிக்கிட்டே போச்சு. அந்த அண்ணனுக்கு சுகர் வந்து பன்னெண்டு வருஷம். பாதத்தைப் பார்த்திருக்காங்க, கண்ணைப் பார்த்திருக்காங்க, கிட்னிக்கு டெஸ்ட் எடுத்திருக்காங்க. இந்த ஒரு விஷயத்தை மட்டும் யாரும் அவர்கிட்ட கேட்டதில்ல. அவரும் சொன்னதில்ல. அந்த இடைவெளியிலதான் லாட்ஜ்காரன் வந்து உட்கார்ந்துக்கிட்டான்.

சட்டம் இல்லாம இல்ல. 1954லயே ஒரு மத்திய சட்டம் போட்டாங்க, மருந்துகளையும் மாயாஜால வைத்தியங்களையும் பத்தின ஆட்சேபகரமான விளம்பரங்களைத் தடுக்க. ஆண்மைக்குறைவைக் குணமாக்குறோம்னு பொதுவுல விளம்பரம் பண்ணவே கூடாது. முதல் தடவை மாட்டினா ஆறு மாசம் வரைக்கும் உள்ள போடலாம். எழுபது வருஷம் ஆச்சு. ஸ்டிக்கர் அப்படியே இருக்கு.

சரி, இனிமே விஷயத்துக்கு வரேன். கூச்சப்படுறவங்க தனியா உட்கார்ந்து படிங்க. ஆனா படிங்க.

ஆண்குறிக்குள்ள நீளவாக்குல ரெண்டு அறை இருக்கு. பஞ்சு மாதிரி திசு. மூளையில ஆசை வந்ததும் நரம்பு வழியா சேதி இறங்கும். அங்க நைட்ரிக் ஆக்ஸைடுன்னு ஒண்ணு சுரக்கும். குழாய்கள் தளர்ந்து ரத்தம் உள்ள பாயும். பாய்ஞ்ச ரத்தம் வெளியேறாம வால்வு மூடின கணக்கா நிக்கும். விறைப்புங்கிறது இவ்வளவுதான். நரம்பு, ரத்தக் குழாய், திசு, மூணும் ஒழுங்கா இருக்கணும். சுகர் இந்த மூணையுமே அரிக்கும். பீடி, சிகரெட் குழாயை அடைக்கும். சில பி.பி. மாத்திரைகள் கொஞ்சம் குறைக்கும் (அதுக்காக நீங்களா நிறுத்திடாதீங்க, டாக்டர் மாத்திக் குடுப்பார்). சின்ன வயசுல கையடிச்சதால வந்துச்சுன்னு லாட்ஜ்ல பயமுறுத்துவாங்களே, அது சுத்தப் பொய். எத்தனை பேரோட நிம்மதியை அந்தப் பொய் தின்னிருக்குன்னு நினைச்சா வயிறு எரியுது.

இன்னொண்ணு. அங்க இருக்கிற குழாய் இதயத்துக்குப் போற குழாயை விடச் சின்னது. அதனால அடைப்பு முதல்ல அங்கதான் தெரியும். ஹார்ட் அட்டாக் வர்றதுக்கு ரெண்டு மூணு வருஷம் முன்னாடியே இந்தப் பிரச்சனை தலை காட்டும்னு டாக்டர்கள் எச்சரிக்கிறாங்க. நாற்பது, ஐம்பது வயசுல திடீர்னு இப்படி ஆச்சுன்னா முதல்ல ஒரு ஈ.சி.ஜி., சுகர், கொழுப்பு பார்த்துடுங்க. லாட்ஜ்ல போய் உட்கார்ந்தா இதை யார் பார்ப்பாங்க?

2023ல வந்த ஐ.சி.எம்.ஆர். ஆய்வு தமிழ்நாட்டுல 100க்கு 14 பேருக்கு மேல சுகர்னு சொல்லுச்சு. துல்லியமா 14.4. நாட்டோட சராசரி 11.4தான். மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட்ல ஆரம்பிச்சதுல இருந்து ஊர் ஊரா வீட்டு வாசலுக்கே சுகர் மாத்திரை வருது. ரொம்ப நல்ல திட்டம், எங்க அம்மாவே அதுல வாங்குறாங்க. ஆனா வாசல்ல மாத்திரை குடுக்கிற பொண்ணுகிட்ட ஒரு ஆம்பளை இதைக் கேட்க முடியுமா? அந்தப் பொண்ணுதான் கேட்குமா? ரெண்டு பேர் மேலயும் தப்பு இல்ல. அதுக்கு வேற ஒரு வழி வேணும்.

எங்க கடையில நான் ஒரு வழி தேடிப் பார்த்தேன். முதல்ல ஒரு சின்ன அட்டை எழுதி ஒட்டினேன், "சுகரால் வரும் தாம்பத்தியப் பிரச்சனைக்கு டாக்டரைக் கேளுங்கள்"னு. ஒரு ஆள் அது பக்கம் பார்க்கல. பார்த்தா பக்கத்துல நிக்கிறவன் என்ன நினைப்பானோன்னு பயம். அப்புறம் அட்டையைக் கழட்டிட்டு, சுகர் மாத்திரை வாங்குறவங்க கவர்ல ஒரு துண்டுச் சீட்டு போட்டேன். அது கொஞ்சம் வேலை செஞ்சுது. வீட்டுக்குப் போய் படிச்சுட்டு, மறுநாள் போன் பண்றாங்க. நேர்ல பேசுறதை விட போன்ல நல்லா பேசுறாங்க. சில நேரம் போன் வர்றது வீட்டம்மாகிட்ட இருந்து. ஒரு அக்கா சொன்னாங்க, "அவருக்கு வெளியில யாரோ இருக்காங்கன்னு ரெண்டு வருஷமா சண்டை போட்டுக்கிட்டு இருந்தேன்பா. சுகர் இப்படிப் பண்ணும்னு யாரும் சொல்லலையே." ரெண்டு வருஷம்! ஒரு டாக்டர் அஞ்சு நிமிஷம் பேசியிருந்தா தீர்ந்திருக்கும்.

விஜய் டிவியில ராத்திரி நேரத்துல டாக்டர் மாத்ருபூதமும் டாக்டர் ஷர்மிளாவும் "புதிரா புனிதமா" நடத்தினது ஞாபகம் இருக்கா? கதவைச் சாத்திக்கிட்டு சவுண்டைக் குறைச்சு வச்சுப் பார்த்த தலைமுறை நாங்க. அந்த மனுஷர் சிரிச்ச முகமா, கூச்சமே இல்லாம பேசுவார். அந்த மாதிரி ஒரு குரல் இப்ப இல்லாதது பெரிய குறை.

சரி. வைத்தியம்.

முதல்ல மாத்திரை. சில்டெனாஃபில் 1998 மார்ச்ல அமெரிக்காவுல அனுமதி வாங்கி வந்தது. நெஞ்சுவலிக்குன்னு ஆராய்ச்சி பண்ணி, வேற இடத்துல பலன் தெரிஞ்ச மருந்து. இப்ப நம்ம ஊர்லயே பல கம்பெனி தயாரிக்குது, விலை ரொம்பக் குறைவு. டாக்டர் சீட்டு இல்லாம வாங்காதீங்க, நானும் குடுக்க மாட்டேன். சார்பிட்ரேட் மாதிரி நைட்ரேட் சாப்பிடுறவங்களுக்குக் கூடவே கூடாது.

"சாப்பிட்டேன், பலிக்கல"ன்னு வர்றவங்கள்ல பாதிப் பேர் சாப்பிட்ட விதம் சரியில்ல. பரோட்டாவும் சால்னாவும் ஒரு கட்டு கட்டிட்டு, மேல ஒரு குவார்ட்டர் போட்டுட்டு, உடனே மாத்திரையைப் போட்டா அது எப்ப ஏறுறது? கொழுப்பான சாப்பாடு இந்த மாத்திரையைத் தாமதமாக்கும். வயிறு லேசா இருக்கும்போது, ஒரு மணி நேரம் முன்னாடி. ஆசையும் வேணும், சும்மா மாத்திரை போட்டுட்டு டிவி பார்த்தா ஒண்ணும் நடக்காது. ஒரு தடவை சரியா வரலன்னு விட்டுடக் கூடாது, அளவு மாத்தி, மருந்து மாத்திப் பல தடவை பார்க்கணும். டாடலாஃபில்னு இன்னொண்ணு இருக்கு, சாப்பாட்டைப் பத்திக் கவலை இல்ல, பலன் ஒன்றரை நாள் வரைக்கும் இருக்கும்.

ஆனா நரம்பே செத்துப் போயிருந்தா மாத்திரையால ஆகாது. சேதி போனாத்தானே அது கை குடுக்கும்.

அடுத்து வேக்குவம் பம்பு. குழாயை மாட்டி காத்தை உறிஞ்சினா ரத்தம் உள்ள வரும், அடியில ஒரு ரப்பர் வளையம் போட்டு நிறுத்தணும். அரை மணிக்குள்ள வளையத்தைக் கழட்டிடணும். ஆபத்து கம்மி. ஆனா நம்ம ஊர் வீடுகள்ல, மாமியார் பக்கத்து ரூம்ல, புள்ளைங்க ஹால்லன்னு இருக்கும்போது இதைப் பயன்படுத்துறது கஷ்டம்னு பலர் சொல்றாங்க. நியாயம்தான்.

அப்புறம் ஊசி. குறியோட பக்கவாட்டுல சின்ன ஊசியால மருந்து ஏத்துறது. இதுக்குப் பின்னாடி ஒரு கதை இருக்கு. 1983, லாஸ் வேகாஸ், யூராலஜி டாக்டர்கள் மாநாடு. பிரிட்டிஷ் விஞ்ஞானி ஜைல்ஸ் பிரிண்ட்லி பேச வந்தார். வர்றதுக்கு முன்னாடி ரூம்லயே தனக்குத்தானே ஊசி போட்டுக்கிட்டு வந்துட்டார். மேடையில, அத்தனை டாக்டர்கள், அவங்க குடும்பத்துக்காரங்க முன்னாடி பேன்ட்டை இறக்கி, மருந்து வேலை செய்யுதுன்னு நேர்லயே காட்டிட்டார்! எல்லாம் மனசு சம்பந்தப்பட்டதுன்னு நினைச்சுக்கிட்டிருந்த காலம் அது. நோயாளிக்குச் சொல்றதுக்கு முன்னாடி தன் உடம்புலயே போட்டுப் பார்த்த அந்த மனுஷன் மேல எனக்குப் பெரிய மரியாதை உண்டு. (ஊசி போட்டு நாலு மணி நேரம் தாண்டியும் இறங்கலன்னா அது எமர்ஜென்சி. கூச்சப்பட்டுக்கிட்டு விடியுற வரைக்கும் காத்திருக்கக் கூடாது. திசு செத்துடும்.)

இது எதுவுமே சரிவரலன்னா? இங்கதான் நம்ம ஊர்ல பேச்சு நின்னுடுது. "இனிமே அவ்வளவுதான்"னு முடிச்சுக்கிறாங்க. அதுக்கு மேலயும் ஒரு வழி இருக்குன்னு, அதுவும் ஐம்பது வருஷமா இருக்குன்னு, நூத்துல ஒருத்தருக்காவது தெரியுமா?

இம்ப்ளான்ட். ஆபரேஷன் பண்ணி உள்ளயே ஒரு சாதனத்தை வைக்கிறது.

1936ல போகோராஸ்னு ஒரு ரஷ்ய சர்ஜன், நோயாளியோட விலா எலும்பு முனையில இருக்கிற குருத்தெலும்பை எடுத்து வச்சுப் பார்த்தார். நாளாக ஆக உடம்பு அதைக் கரைச்சுடுச்சு. அப்புறம் அக்ரிலிக், சிலிக்கான்னு முயற்சி பண்ணிக்கிட்டே இருந்தாங்க. 1973ல அமெரிக்காவுல ஹூஸ்டன்ல பிராண்ட்லி ஸ்காட்னு ஒரு சர்ஜன், தண்ணி ஏத்தி இறக்குற இம்ப்ளான்ட்டை வெளியிட்டார். இன்னிக்கு இருக்கிறதெல்லாம் அந்த வழியில வந்ததுதான்.

ஒரு யூராலஜி டாக்டரோட மேஜையில டெமோ செட்டைக் கையில எடுத்துப் பார்த்திருக்கேன். அதனால கொஞ்சம் விவரமா சொல்ல முடியும்.

இதுல மூணு வகை. முதலாவது மூணு துண்டு வகை, அதுல ரெண்டு நீளக் குழல். குறிக்குள்ள இருக்கிற அந்த ரெண்டு அறையிலயும் ஒண்ணு ஒண்ணு போகும். ஒரு சின்னப் பை, உப்புத் தண்ணி நிரப்பினது, அது அடிவயித்துக்குள்ள. ஒரு பம்பு, நெல்லிக்காய் அளவு, விதைப் பைக்குள்ள ரெண்டு விதைக்கும் நடுவுல. எல்லாத்தையும் மெல்லிசா டியூப் இணைக்கும். வெளியில எதுவும் தெரியாது. வேணுங்கிறப்ப பம்பைத் தோல் மேலயே பிடிச்சு அமுக்கணும். முதல் அமுக்குல ஒண்ணும் தெரியல, நாலஞ்சு அமுக்குல ரெண்டு குழலும் விறைச்சு நின்னுச்சு. உள்ள தண்ணி போற சத்தம்கூட லேசா கேட்டுச்சு. முடிஞ்சதும் பம்பு மேல இருக்கிற பட்டனை அமுக்கினா தண்ணி பைக்குத் திரும்பிடும். தளர்ந்து இயல்பா ஆயிடும். பாக்குறதுக்கும் பயன்படுத்துறதுக்கும் இயற்கைக்கு ரொம்பக் கிட்ட. ஆனா முழுக்க வெளிநாட்டுச் சரக்கு, சாதனம் மட்டுமே சில லட்சங்கள்.

ரெண்டு துண்டு வகையில வயித்துக்குள்ள பை கிடையாது, தண்ணி குழலோட பின்பக்கத்துலயே இருக்கும். வயித்துல ஏற்கெனவே பெரிய ஆபரேஷன் ஆகி, பை வைக்க இடம் சிக்கலா இருக்கிறவங்களுக்குச் சொல்வாங்க.

மூணாவது, வளையுற தண்டு. பம்பு இல்ல, தண்ணி இல்ல. எப்பவும் ஒரே விறைப்புலதான் இருக்கும். மேல வளைச்சா மேல நிக்கும், கீழ மடக்கினா கீழ கிடக்கும். கெட்டுப் போக உள்ள ஒண்ணும் இல்ல. விலை பல மடங்கு குறைவு. இதுல நம்ம நாட்டுப் பேர் ஒண்ணு இருக்கு, பெருமையா சொல்லணும். மும்பை ஆண்ட்ராலஜிஸ்ட் டாக்டர் ரூபின் ஷா வடிவமைச்ச ஷா இம்ப்ளான்ட். சிலிக்கான் தண்டு மேல கழட்டுற மாதிரி உறை இருக்கும். உறையைக் கழட்டினா தண்டு மெலிசாகும். ஆபரேஷன் டேபிள்லயே ஆளுக்குத் தகுந்த பருமனுக்குச் சரி பண்ணிக்கலாம், அளவு அளவா தனித்தனி செட் வாங்கி வைக்க வேண்டியதில்ல. வெளிநாட்டு விலை குடுக்க முடியாத ஆட்களை நினைச்சுச் செஞ்ச வேலை. லாட்ஜ்ல 18,000 குடுக்கிற நாட்டுல இதோட பேரை யாரும் சொல்றதில்லையேன்னுதான் ஆதங்கம்.

"அப்படியே நின்னுக்கிட்டிருந்தா லுங்கி கட்டிக்கிட்டு எப்படிப்பா வெளியில போறது?" இதுதான் முதல் கேள்வியா வரும். மயிலம் பக்கத்துல என் சிநேகிதர் ஒருத்தர் இந்தத் தண்டுதான் வச்சிருக்கார். (அவர்கிட்ட கேட்டுட்டுத்தான் எழுதுறேன்.) ஜி.எஸ்.டி. ரோட்ல பைக்ல போகும்போது லாரி அடிச்சு இடுப்பெலும்பு நொறுங்கிப் போச்சு. அப்ப அவருக்கு முப்பத்தி மூணு வயசு, கைக்குழந்தை. எலும்பு கூடிடுச்சு, நடந்துட்டார். ஆனா அந்த நரம்பும் குழாயும் அறுந்தது அறுந்ததுதான். இடுப்பெலும்பு முறிஞ்ச ஆம்பளைங்களுக்கு இது வர்றது சகஜம்னு அவருக்கு யாரும் சொல்லல. மூணு வருஷம் லேகியம், பஸ்பம். அப்புறம்தான் சென்னையில ஒரு யூராலஜி டாக்டரைப் பார்த்தார்.

அவர் சொன்னது இது: "கீழ மடக்கி ஜட்டி போட்டுட்டா வேட்டியில ஒண்ணும் தெரியாது மச்சான். டிராக்டர் ஓட்டுறேன், ஏரியில குளிக்கிறேன். மொத ஒரு மாசம்தான் வலியும் வீக்கமும். ஆபரேஷனை விட, என் பொண்டாட்டிகிட்ட உட்கார்ந்து பேசினதுதான் கஷ்டமா இருந்துச்சு. பேசினப்புறம் அவதான் டாக்டர்கிட்ட என்னை விட அதிகமா கேள்வி கேட்டா."

அந்தத் தங்கச்சிக்கு என் வணக்கம்.

ஆபரேஷன் பொதுவா முதுகுல ஊசி போட்டு, ஒண்ணு ஒன்றரை மணி நேரம். ஒரு நாள், ரெண்டு நாள்ல வீட்டுக்கு விடுவாங்க. உறவுக்கு ஆறு வாரம் பொறுக்கணும். உணர்ச்சி முன்ன மாதிரியே இருக்கும். மூத்திரம் போறதுல மாத்தம் இல்ல. முன்னாடி விந்து வந்துக்கிட்டிருந்தா இப்பவும் வரும், இதனால குழந்தை பெறுறது தடைபடாது.

அதே மூச்சுல சொல்ல வேண்டியதையும் சொல்லிடணும், ஏன்னா இதை விக்கிற இடத்துல சிலர் இதை மெதுவாத்தான் சொல்வாங்க. இந்த ஆபரேஷனுக்குத் திரும்புற பாதை கிடையாது. உள்ள இருக்கிற பஞ்சுத் திசுவை விலக்கி அந்த இடத்துலதான் குழலை வைக்கிறாங்க. பின்னாடி எடுத்துட்டாலும் இயற்கையான விறைப்போ மாத்திரைப் பலனோ கிடைக்காது. அதனாலதான் மத்ததெல்லாம் சரிவரலன்னு உறுதியானப்புறம் பண்ணணும். நீளம் கூடாது. முன்னாடி இருந்ததை விடக் கொஞ்சம் குறைஞ்ச மாதிரி பலருக்குத் தோணும். முனை மொட்டு பெருசாகாது. ஆசை இல்லாதவனுக்கு இது ஆசையைத் தராது. தண்ணி ஏத்துற வகை இயந்திரம்தானே, பெரும்பாலானது பத்து வருஷம் தாண்டி ஓடும்னாலும் ஒரு நாள் பழுதாகலாம், மாத்த இன்னொரு ஆபரேஷன் வேணும்.

பெரிய பயம் இன்ஃபெக்‌ஷன். ஆன்டிபயாட்டிக் பூசின இம்ப்ளான்ட் 2000க்கு அப்புறம் வந்ததுல இருந்து 100க்கு ஒண்ணு ரெண்டு பேர்னு குறைஞ்சிருக்கு. ஆனா வந்துட்டா பெரும்பாலும் முழுசா வெளியில எடுத்தாகணும். சுகர் கட்டுல இல்லாதவங்களுக்கு ஆபத்து கூடுதல். மூணு மாசச் சராசரி, எச்.பி.ஏ.ஒன்.சி.ன்னு எழுதுவாங்களே, அது 8.5க்கு மேல இருந்தா இன்ஃபெக்‌ஷன் கூடுதுன்னு 2018ல ஒரு ஆய்வு வந்தது. அதனால நல்ல சர்ஜன் முதல்ல சுகரைத்தான் இறக்கச் சொல்வார். எடுத்த எடுப்புல "நாளைக்கே பண்ணிடலாம், பணத்தைக் கட்டுங்க"ன்னா எழுந்து வந்துடுங்க. அது சென்னையில ஏ.சி. ரூமா இருந்தாலும் சரி.

எந்த வகைங்கிறதும் பணத்தை மட்டும் பார்த்து முடிவு பண்ற விஷயம் இல்ல. கை நடுங்குறவர், விரல் மரத்துப் போனவர், அந்தப் பம்பைத் தேடிப் பிடிச்சு அமுக்க முடியாது. அவருக்கு வளையுற தண்டுதான் நிம்மதி. ஹாஸ்டல்ல, ஜிம்ல உடை மாத்துற சின்ன வயசுப் பையனுக்கு முடிஞ்சா மூணு துண்டு வகை. சரியா ஆளைத் தேர்ந்தெடுத்துப் பண்ணினா பத்துல எட்டு ஒன்பது பேர் திருப்தின்னு சொல்றாங்கன்னு ஆய்வுகள் காட்டுது. மாத்திரைக்கோ ஊசிக்கோ இவ்வளவு திருப்தி கிடையாது.

அமெரிக்க யூராலஜி சங்கம் 2018ல ஒரு வழிகாட்டு நெறி வெளியிட்டது. அதுல எனக்கு ரொம்பப் பிடிச்சது: மாத்திரையில இருந்து இம்ப்ளான்ட் வரைக்கும் எல்லா வழியையும் நோயாளிக்கு எடுத்துச் சொல்லி, அவரோட சேர்ந்தே முடிவெடுக்கணும்னு சொல்லுது. இதைத்தான் நானும் கேட்கிறேன். பன்னெண்டு வருஷம் சுகர் இருக்கிற ஒரு விவசாயிக்கு, இது இது இருக்குன்னு ஒரு வரி சொல்லுங்க டாக்டர். அவர் ஆபரேஷன் பண்ணிக்க வேண்டாம். வழி இருக்குன்னு தெரிஞ்சாலே பொட்டலத்துக்குக் காசு குடுக்க மாட்டார். (அதே நெறியில, இப்ப ஊர் ஊரா விளம்பரம் வர்ற அதிர்வலை சிகிச்சை, ஸ்டெம் செல் ஊசி, பிளாஸ்மா ஊசி எல்லாத்தையும் இன்னும் பரிசோதனை நிலைன்னுதான் போட்டிருக்காங்க. லட்சக்கணக்குல கேட்டா யோசிங்க.)

நம்ம பக்கத்து ஆட்கள் எங்க போறது? முதல் படிக்குத் தூரம் போகவே வேண்டாம். திண்டிவனம் அரசு ஆஸ்பத்திரியோ, முண்டியம்பாக்கம் மெடிக்கல் காலேஜோ, உங்களுக்கு சுகர் பார்க்கிற டாக்டரோ, யாராவது ஒருத்தர்கிட்ட வாயைத் திறங்க. "டாக்டர், சுகர் வந்ததுல இருந்து விறைப்பு சரியா இல்ல." இந்த ஒரு வாக்கியம் போதும், மீதியை அவங்க கேட்பாங்க. பெண் டாக்டரா இருந்தாலும் சொல்லுங்க, அவங்களுக்கு இது தினமும் பாக்குற வியாதிதான். யூராலஜி வேணும்னா புதுச்சேரி ஜிப்மர் இருக்கு, கோரிமேட்டுல. விழுப்புரத்துல இருந்தும் திண்டிவனத்துல இருந்தும் புதுச்சேரிக்கு நேர் பஸ். ஓ.பி.க்குக் காலையிலயே போயிடணும். சென்னையில ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை, அந்தப் பக்கம் வேலூர் சி.எம்.சி.

என் கடைக்கு வந்த அண்ணன் இதய டாக்டரைப் பார்த்துட்டு வந்துட்டார். நைட்ரேட்டைப் பத்திக் கேட்டிருக்கார், விறைப்பைப் பத்தியும் கேட்டிருக்கார். அடுத்து யூராலஜிக்கு எழுதிக் குடுத்திருக்காங்க. நேத்து போன் பண்ணி என்னென்ன எடுத்துட்டுப் போகணும்னு கேட்டார். அவர்கிட்ட சொன்னதையே இங்கயும் எழுதிடறேன்: பழைய சுகர் ரிப்போர்ட், ஆஞ்சியோ ஃபைல், இப்ப சாப்பிடுற எல்லா மாத்திரை அட்டையும் ஒரே பையில. லாட்ஜ்ல வாங்கிச் சாப்பிட்டதையும் மறைக்காம சொல்லணும். காலையில தூங்கி எழும்போது தானா விறைப்பு வருதான்னு கேட்பாங்க, அதைக் கவனிச்சு வச்சுக்கணும். அண்ணியையும் கூட்டிட்டுப் போகணும்.